ஸ்பெயின் போகிறவர்களுக்கு அக்கா சொன்னது

அக்கா யாரையும் முகம் பார்த்து வரவேற்றதில்லை. கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். பிறகு தோள், இடுப்பு. முகத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுக்குத் தையல் கடை. பட்டுக்கடைகளில் புடவை எடுத்தவர்கள் ஃபால்ஸ் அடிக்கவும் ரவிக்கை தைக்கவும் அங்கே வருவார்கள். நான் முதல் தடவை போனபோது கடையில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை அதன் முதுகில் மாட்டினேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"பைய மடியில வெச்சிக்குங்க."

"இங்க யாருக்கா எடுக்கப் போறாங்க?"

"இங்க எடுக்க மாட்டாங்க. ஆனா அந்தப் பழக்கம் தப்பு."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிறருக்குப் பழக்கம் சொல்லித் தந்தே பழகியவள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கே உட்கார்ந்தாலும் பை மடியில்தான்.

தெருவில் அவளை ஸ்பெயின் அக்கா என்பார்கள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்துக்கு வீட்டு வேலை செய்ய ஸ்பெயினுக்குப் போனாள், பல வருஷம் இருந்தாள், ஒரு பெட்டிகூட இல்லாமல் திரும்பி வந்தாள். இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். ஸ்பெயின் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "ஊரு நல்ல ஊருதான்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வழி தவறி அந்தச் சந்துக்குள் வந்து நின்றது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அக்கா உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு வெளியே போனாள். அவர்கள் பாஷையிலேயே பேச ஆரம்பித்தாள். அந்தப் பெண்மணிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கைலாசநாதர் கோயிலுக்கு வழி சொல்லிவிட்டு, கடைசியில் அக்கா இன்னொரு வாக்கியம் சொன்னாள். அந்தப் பெண்மணியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இருவரும் வேகமாக நடந்து போய்விட்டார்கள்.

"என்னக்கா சொன்னீங்க?"

"ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் ஒரே பையில, முன் ஜிப்புல இருக்குது. பிரிச்சி வைங்கன்னு சொன்னேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கிட்ட போனதும் அந்தம்மா கை அங்கதான் போச்சி. எது போயிடுமோன்னு பயமோ, கை அதைத்தான் தேடும் டீச்சர்."

சொல்லிவிட்டு ஊசியை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு தடவை கருட சேவை. காலையில் பெருமாள் வீதி வலம் வருகிறார், எங்கள் தெருமுனையில் நிற்க இடமில்லாத கூட்டம். அக்கா கூட்டத்துக்குள் வரவில்லை. எங்கள் வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெருமாளுக்குப் பிடித்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நீலச் சட்டை," என்றாள் மெதுவாக.

"யாரு?"

"எல்லாரும் சாமியப் பாக்குறாங்க. அவன் மட்டும் கழுத்தப் பாக்கறான்."

நான் எட்டிப் பார்ப்பதற்குள் நீலச் சட்டை கூட்டத்துக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் சங்கிலியைக் காணோம் என்று அழும் சத்தம் கேட்டது. அக்கா அசையவில்லை. 

"சத்தம் போட்டிருக்கலாமேக்கா."

"போட்டிருக்கலாம்," என்றாள். பிறகு, "எனக்கு அந்த நேரத்துக்குக் குரல் வராது டீச்சர்," என்றாள்.

அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகள் வேலை விஷயமாக ஸ்பெயின் தலைநகர் மத்ரீத்தில் குடியேறினாள். அடுத்த வருஷக் கோடை விடுமுறைக்கு என்னையும் என் கணவரையும் அங்கே வரச்சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டாள். பயணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோது அக்காவிடம் சொன்னேன். மிஷின் நின்றது. நான் பார்த்து அவள் பேச்சுக்காக மிஷினை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"சாரும் வர்றாரா? சாருக்கு சுகர் இருக்குதுல்ல?"

அன்றிலிருந்து கிளம்பும்வரை, போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவாள். கடைக்குள் நுழைந்தால் முதலில் 'புவேனோஸ் தியாஸ்' என்று வணக்கம் சொல்லணும், சொல்லாமல் சாமானைத் தொட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான், ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். நம் நேரத்துக்குப் பசித்தால் ஒன்றும் கிடைக்காது, கையில் ஏதாவது வைத்துக்கொள்ளணும். சைவம் என்றால் மீனைப் போட்டுக்கொண்டு வருவார்கள். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று கறி, மீன், பன்றித் தொடை மூன்றையும் தனித்தனியாக வேண்டாம் என்று சொல்லணும். பச்சை சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக்கடை. ஏதாவது ஆபத்து என்றால் நூற்றுப் பன்னிரண்டு.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சொன்னவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"மேல ஏதோ கொட்டிடுச்சின்னு துடைக்க வருவாங்க. கொட்டினதே அவங்கதான். துடைக்க வுடாதீங்க, அப்படியே நடங்க. மெட்ரோவுல கதவு கிட்ட நிக்காதீங்க, கதவு மூடற நேரத்துலதான் கை வைப்பாங்க. கையெழுத்து போடச் சொல்லி அட்டைய நீட்டுவாங்க. அந்த அட்டைக்குக் கீழ இன்னொரு கை இருக்கும். ஜேப்படி ஜாக்கிரதைன்னு போர்டு பாத்தீங்கன்னா பைய தொட்டுப் பாக்காதீங்க. எல்லாரும் தொடுவாங்க. அதுக்குத்தான் அந்த போர்டு கிட்டயே நின்னுக்கினு இருப்பாங்க."

"நின்னுக்கினு இருக்கறது யாரு?"

"பாக்கறவங்க," என்றாள்.

என் உள்பாவாடையில் பாஸ்போர்ட்டுக்கு ஒரு ரகசியப் பை தைத்தாள். கணவருக்குச் சட்டையின் உள்பக்கம், அக்குளுக்குக் கீழே இரண்டு பைகள். ஒன்றில் பாஸ்போர்ட், இன்னொன்றில் மருந்து. மருந்து விஷயத்தில் அவள் பிடித்த பிடிவாதத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒரு நாளைக்கான மருந்து உடம்போட இருக்கணும். பையில இருந்தா அது உங்களுதில்ல. மயக்கம் வந்தா போடறதுக்கு சர்க்கரை பொட்டலமும் அதுலயே. சத்தியம் பண்ணுங்க." நான் சத்தியம் செய்தேன். பிறகு என் கணவரைக் கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னாள். "இப்ப தொட்டீங்க. மறுபடி தொட்டீங்க. தொடாம நடங்க சார்." நாலைந்து தடவை நடக்கவிட்டாள்.

வீடு திரும்பும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "இந்தம்மா அங்க போலீசுல இருந்தாங்களா, இல்ல திருடிக்கினு இருந்தாங்களா?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு," என்று மட்டும் சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அக்காவே வீட்டுக்கு வந்தாள். அதுவரை கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். அங்க ரோட்டுல யாராவது தமிழ்ல பேசினா நிக்காதீங்க."

"என்னக்கா இது. அவ்ளோ தூரத்துல நம்ம ஊர்க்காரங்களப் பாத்தா…"

"அதுக்குத்தான் சொல்றேன். பொம்பளயா இருந்தா நிக்கவே நிக்காதீங்க. பட்டுப் புடவை கட்டியிருந்தா பதில்கூடச் சொல்லாதீங்க."

ஏன் என்று கேட்கும்முன் எழுந்து போய்விட்டாள். வாசலில் செருப்பை மாட்டத் தடுமாறியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மத்ரீத்தில் பத்து நாள் நன்றாகவே போனது. பிறகு பார்சலோனா. மகளுக்கு லீவு இல்லை, நாங்கள் இருவர் மட்டும் ரயிலில் போனோம். அந்த ஊரில் இன்னமும் கட்டிக்கொண்டே இருக்கும் பெரிய தேவாலயம் ஒன்று உண்டு. பார்த்துவிட்டு வெளியே வந்தோம். மணி ஒன்றரை இருக்கும். சாப்பிடப் போகிறோமே என்று என் கணவர் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். நுழைந்த ஹோட்டலில் இரண்டு மணிக்குத்தான் சாப்பாடு என்றார்கள். வெயிலில் மெட்ரோ வாசல் பக்கம் நடந்து வந்தோம்.

"ஏம்மா, எந்த ஊரு நீங்க?"

தமிழ். தலை தானாகத் திரும்பியது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். மஞ்சள் பட்டு, அரக்குக் கரை, நெற்றியில் குங்குமம். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள் போல் நின்றாள். பத்து நாளாக மகளைத் தவிர யாரோடும் தமிழ் பேசாத என் கணவர் சட்டென்று நின்றார். "காஞ்சிபுரம்மா," என்றார் சந்தோஷமாக.

"அப்படியா சார். என் புடவையும் காஞ்சிபுரந்தான். முகமெல்லாம் வாடியிருக்கே, இன்னும் சாப்பிடலையா?"

அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "இரு, பேசிக்கினு இருக்காங்கல்ல," என்று கையை உதறினார். அந்த உதறல் போதுமாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவன் லேசாக இடித்துக்கொண்டு போனான். அவர் தோள்பை போய்விட்டது. அறுத்த வார் மட்டும் தோளில் தொங்கியது.

அவர் இரண்டடி ஓடினார். அப்புறம் நின்றார். முகம் வேர்த்துக் கொட்டியது, கால் நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தது. பக்கத்து பெஞ்சில் சாய்த்து, சட்டைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து வாயில் கொட்டினேன். யாரோ தண்ணீர் தந்தார்கள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது.

அந்தக் கால் மணியில் நான் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் புடவை நின்றுகொண்டிருந்தது. அவள் ஓடவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்தாள். ஒரு தடவை எங்களை நோக்கி ஓரடி எடுத்துவைத்தாள். யாரோ ஒருவன் வந்து ஒரு வார்த்தை சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு அவன் பின்னால் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாளே அக்காவிடம் போனேன். மகளுக்குக்கூடச் சொல்லாத விவரமெல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ ரவிக்கை எப்படி இருந்துது?"

"ரவிக்கையா?"

"தோள்ல புடிச்சி இருந்துதா, லூசா இருந்துதா?"

யோசித்தேன். "லூசாத்தான். தோள் இறங்கிப் போயிருந்துது."

"அப்ப அவளுது இல்ல. காலையில குடுத்துட்டு சாயங்காலம் வாங்கிக்குவாங்க." கத்திரிக்கோலை எடுத்து மூடி ஓரமாக வைத்தாள். "எனக்குக் குடுத்தது பச்சைப் புடவை."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அதிகம் நீட்டி எழுத எனக்கு இஷ்டமில்லை. வேலைக்குக் கூட்டிப்போன குடும்பம் அவளை அங்கேயே விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தங்க இடம் தருகிறோம் என்று வந்தவர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம் ஊர் ஜனங்களை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. நாலு வருஷம் செய்தாள்.

"ஒருநாள் ஒரு பெரியவரும் அவரு வீட்டம்மாவும். சேலத்துக்காரங்க. பை போயிடுச்சி. நெஞ்சுவலி மாத்திரை அதுலதான் இருந்துது போல. அவரு நெஞ்சப் புடிச்சிக்கினு அப்படியே கீழ உக்காந்துட்டாரு. அந்தம்மாவுக்கு நான்தான் செஞ்சேன்னு தெரியல டீச்சர். என் கையப் புடிச்சிக்கினு, தாயி நீ இந்த ஊரு பாஷை பேசறியே, ஆஸ்பத்திரிக்குச் சொல்லுன்னு கெஞ்சறாங்க. மூணு எண்ணு. அழுத்தினா வண்டி வரும். வாயத் தொறக்கறேன், குரலே வரல. பைய எடுத்தவன் கூப்ட்டான். கைய உருவிக்கினு போயிட்டேன்."

"அப்புறம் அவர்?"

"தெரியாது. மறுநாள் நானே போலீஸ் ஸ்டேஷன் போயி நின்னேன், ஊருக்கு அனுப்பிட்டாங்க. அங்கயும் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. இருக்காரா இல்லையான்னு இன்னிவரைக்கும் தெரியாது."

 எழுந்து வந்துவிடலாமா என்றுகூட இருந்தது. பெஞ்சில் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்த என் கணவரின் முகம் ஒரு பக்கம். அந்த முகத்தைக் காப்பாற்றிய பையைத் தைத்த கை ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஆள் கணக்கில் எப்படிச் சேரும் என்று புரியவில்லை.

அப்போது அவள் கேட்டாள். "எந்த மெட்ரோ வாசல்? கோயிலுக்கு எதிர்த்தாப்ல இருக்கறதா, பூங்கா பக்கமா?"

"பூங்கா பக்கம்."

"நேரம்?"

"ரெண்டு அடிக்கல."

தலையை ஆட்டிக்கொண்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போகாதீங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து ஒருநாள் போனபோது கடை பூட்டியிருந்தது. குழுவாகப் போகிற சுற்றுலாவில் பேர் கொடுத்து ஸ்பெயினுக்குப் போயிருக்கிறாள் என்று கட்டிடச் சொந்தக்காரர் சொன்னார். அந்தக் குழு திரும்பி வந்தது. அவள் வரவில்லை.

அதற்குப் பின் மூன்று வாரம் கழித்து, மத்தியான இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"டீச்சருங்களா? அக்கா உங்க நம்பர எழுதிக் குடுத்தாங்க. நான் ப்ளேன் மாத்தற ஊர்ல இருக்கேன். பக்கத்துல ஒருத்தர் போன் குடுத்தாரு. சென்னையில எறங்கினா எங்க போறதுன்னு எனக்குத் தெரியல."

"அக்கா எங்க?"

பின்னால் விமான அறிவிப்பு ஒன்று கேட்டது.  அப்புறம், "அவங்க ஏறலைங்க," என்றாள்.

நானும் என் கணவரும் மீனம்பாக்கம் போனோம். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கவலைப்பட்டேன். கண்ணாடிக் கதவு வழியாக வந்ததுமே தெரிந்துவிட்டது. ஜீன்ஸும் பெரிய ஸ்வெட்டரும் போட்டிருந்தாள், ஆனால் அன்று மஞ்சள் பட்டில் பார்த்த அதே முகம். அவளும் எங்களைக் கண்டுகொண்டாள். அங்கேயே நின்றுவிட்டாள். என் கணவர்தான் முதலில் பேசினார். "வாம்மா. சாப்பிட்டியா?"

காரில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். ஒருநாள் அந்த வாசலில் அக்கா வந்து பக்கத்தில் நின்று, "எந்த ஊருமா?" என்று கேட்டிருக்கிறாள். தான் நிறுத்தவேண்டிய ஆள் தன்னை நிறுத்துகிறாளே என்று இவள் திகைத்திருக்கிறாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் இவள் அக்காவோடு போய்விட்டாள். கன்னிகாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதியில் ஒளிந்திருந்து, தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பயணத்தாள் வாங்கியிருக்கிறார்கள். மத்ரீத்தில் என் மகளிடம் போகலாமே என்று இவள் கேட்டதற்கு, அந்தக் குழந்தையை இதில் இழுக்கக் கூடாது என்றுவிட்டாளாம்.

"ஏர்போர்ட்ல பரிசோதனை வாசலுக்குக் கிட்ட போயிட்டோம்மா. எங்களப் புடிச்சு வச்சிருந்தவங்கெ ரெண்டு பேரு வந்துட்டாங்கெ. அக்கா எங்கையில டிக்கெட்டக் குடுத்து உள்ள தள்ளிவிட்டுட்டு, அவங்கெ எதிர்ல போய் நின்னுட்டாங்க. அவங்கெ பாஷையில ஏர்போர்ட்டே திரும்பிப் பாக்குற மாதிரி சத்தம் போட்டாங்க. அப்படியொரு சத்தம் நான் கேட்டதே இல்ல."

"அப்புறம்?"

"நான் உள்ள வந்துட்டேம்மா. வரிசை தள்ளிக்கிட்டே போயிருச்சு."

என் மகள் அங்கே போலீசில் எழுதிக் கொடுத்தாள். வயது வந்தவர், விசா முடிந்தபின் தானாகவே தங்கியிருக்கலாம் என்றார்கள். தூதரகத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு விசாரித்து வருவதாக ஒரே மாதிரி பதில் வருகிறது. இரண்டு வருஷமாகிறது. திண்டுக்கல் பெண் ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். இப்போது அங்கே ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்து ஒரே ஒரு விஷயம் கேட்பாள். நான் இல்லை என்பேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவள் கேட்டாள். "அக்கா அக்கான்னே கூப்பிட்டுட்டேன். அவங்க பேரு என்னம்மா?"

அவள் காதோரம் குனிந்து சொன்னேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இங்கே அதை நான் எழுதவில்லை. அக்கா இன்னும் அந்த ஊரில் எங்காவது இருக்கக்கூடும். இருந்தால், இந்நேரம் அவள் வேறொரு பெயரில் இருப்பாள். நான் பெயரைச் சொல்லாதது அவளுக்கு உதவியாக இருக்கட்டும்.